கத்திகளை எண்ண வருகிறவர்

அன்று காவலர் கத்திகளை எண்ணவில்லை.

நாற்பது நாளாக மாலை ஆறு மணிக்கு வந்து, சமையலறை இழுப்பறையைத் திறந்து, ஐந்து கத்தியையும் ஒரு கத்தரிக்கோலையும் எண்ணிக் குறித்துக்கொண்டு போகிறவர் அவர். இந்த வீட்டில் கொலை நடக்கும் என்று காவல்துறையின் கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. போனில் பேசியது, கடையில் வாங்கியது, சண்டை போட்ட நாள் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துச் சொன்னதாம். யார் கொல்வார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. இருப்பதோ இரண்டே பேர், அவளும் கணவனும்.

முதல் வாரம் இருவரும் சிரித்தார்கள். "உப்பை அள்ளிப் போட்டே கொன்னுடுவா சார்," என்று காவலரிடம் கணவன் கிண்டலடித்தான். மூன்றாவது வாரம், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி கொடுத்த காபியை, அவள் ஒரு வாய் குடித்த பிறகே தொட்டான். அவளும் சளைத்தவளல்ல. லிஃப்ட் மெக்கானிக்கான அவன் கருவிப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தால், படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். போகப் போக பயமும் மரத்துப்போய், பல் தேய்ப்பதைப் போல ஒரு வழக்கமாகிவிட்டது.

அன்று அவர் நேராகக் கூடத்துக்கு வந்தார். குழாய் சொட்டும் சத்தமும், பக்கத்து வீட்டு டிவியின் முணுமுணுப்பும், அவருடைய பூட்ஸிலிருந்து எழுந்த ஈரத்தோல் வாடையும் சேர்ந்து அந்த அறை என்றுமில்லாமல் சிறுத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றிக்கொண்டிருக்கும்போதே, அவர் மேசையைச் சுவரோரம் நகர்த்தினார். ஜன்னலைச் சாத்தினார். வாசல் கதவைத் தாழிட்டார். உள்ளிருந்து.

"என்ன சார் இது?" என்றான் கணவன்.

"நேரமாயிடுச்சு. இன்னிக்கு ஆறு நாற்பதுக்கு நடக்கும்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு."

"நாங்க ஒண்ணும் பண்ணலையே!" என்றாள் அவள்.

"தெரியும்மா. நாற்பது நாளா பாக்கறேனே, நீங்க ரெண்டு பேரும் அப்படிப்பட்டவங்க இல்ல." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "ஆனா கம்ப்யூட்டர் இதுவரைக்கும் தப்பா சொன்னதே இல்ல."

பையிலிருந்து பெரிய பிளாஸ்டிக் விரிப்பை எடுத்தார். தரையில் விரித்தார். மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

மணி ஆறு முப்பத்தெட்டு.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கொல்லப்போவது கணவன் இல்லை. ஒருநாளும் அவனாக இருந்ததில்லை. அழுகை வரவில்லை. வெட்கங்கெட்ட ஒரு நிம்மதிதான் வந்தது. அவனைப் பார்த்தாள். அவன் முகத்திலும் அதே நிம்மதி.

"கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க," என்றார் காவலர்.

இருவரும் கத்தவில்லை. ஓடவில்லை. அவன் முதலில் விரிப்பின் மேல் ஏறினான். கையை நீட்டினான். அவள் பற்றிக்கொண்டாள். விரிப்பு கசங்கிவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அவன் பக்கத்தில் போய் நின்றாள்.