மூன்றாம் நாளில் நின்ற பலகை

"உனக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

டாக்டர் என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. எலும்புக்குள் ஊறும் இரத்தம் கெட்டுப்போயிருந்ததால், எனக்குக் கூடப் பிறந்தவரின் ஸ்டெம் செல் வேண்டுமாம்.

இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா தரையைப் பார்த்தாள். "ஒருத்தன் இருந்தான் டாக்டர். மூணு நாள்."

எனக்கு நான்கு வயதில், என்னை அத்தை வீட்டில் விட்டிருந்தபோது பிறந்து, இறந்தும் போன தம்பி. அவனைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சு விட்டதில்லை. ஆனால் அவனுடைய தொப்புள்கொடியிலிருந்து எடுத்த இரத்தம், ஒன்பது வருடமாக உறைந்து கிடந்தது. சோதித்தார்கள். எனக்குப் பொருந்தியது.

என்னை வைத்திருந்த அறைக்கு ஜன்னல் இல்லை. அடுத்தடுத்து இரண்டு கண்ணாடிக் கதவுகள். வடிகட்டிய காற்று மேலிருந்து ஓயாத முனகலோடு இறங்கும். இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. செல் ஏற்றும் நாள் பூஜ்யம்; அதன்பின் தினமும் காலையில் ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

எழுதுகிற சிஸ்டருக்கு நான் மனதுக்குள் 'வானொலி' என்று பெயர் வைத்திருந்தேன். பேச்சை நிறுத்தவே மாட்டார்.

"பூஜ்யம் போட்டாச்சு மகாராணி. இனி இதுதான் உன் பிறந்தநாள். எனக்கு கேக் வாங்கித் தராம தப்பிச்சுடலாம்னு பார்க்காதே."

தம்பியின் இரத்தம் உள்ளங்கையளவு ஒரு பை. அவ்வளவுதான்.

"விதை மாதிரி," என்றார் டாக்டர். "எலும்புக்குள்ள தானாப் போய் இடம் பிடிச்சுக்கும். நாம வழி காட்ட வேண்டாம். அதுக்கே தெரியும்."

ஏறி முடிந்ததும் அறை முழுக்கப் பூண்டு வாசனை. உறைய வைக்கும்போது சேர்த்த மருந்தின் வாசனை, இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள்.

போகவில்லை.

நான்காம் நாள் காலை, சிஸ்டர் பலகையில் நான்கு என்று எழுதுவதைப் பார்த்தேன். மத்தியானம் கண் விழித்தால், அங்கே மூன்று இருந்தது.

மறுநாள் ஐந்து எழுதினார். மத்தியானம் மூன்று.

"ஏய் வாலு, இது உன் வேலையா?"

"என்னால எழுந்து உக்காரவே முடியல சிஸ்டர்."

"அப்ப எழுதினது யாரு, என் மாமியாரா?" என்று சிரித்தபடி துடைத்தார். ஆனால் அது அவருடைய கையெழுத்தேதான். அதனால் சிரிப்பு பாதியில் நின்றது.

படுக்கையில், என் விலாவை ஒட்டி, உள்ளங்கையளவு ஒரு குளிர். போர்வையை இழுத்தால் அதுவும் கூடவே நகர்ந்து வரும்.

இருபத்தோரு நாள் ஆயிற்று. என் வெள்ளை அணுக்கள் இன்னும் பூஜ்யத்திலேயே நின்றன. "இந்த வாரம் ஏறணும்," என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். "இன்னொரு பை கிடையாது."

அன்று இரண்டு மணிக்கு, முகமூடியும் கையுறையுமாக அம்மா என் கால்மாட்டில் வந்து நின்றாள். அதற்கு மேல் நெருங்கக் கூடாது, தொடக் கூடாது. அது அங்கே சட்டம்.

"அம்மா," என்று கிசுகிசுத்தேன். "அவன் இங்கதான் இருக்கான். குளிருதாம்."

அம்மா கத்தவில்லை. மெதுவாகப் பேசினாள்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. ஓட்டை வழியா விரலை மட்டும் விட்டேன். நெஞ்சு நூத்தி நாப்பது, நூத்தி நாப்பதுன்னு அடிச்சுது. அந்த நம்பரையே பார்த்துட்டு இருந்தேன். ஒரு தடவைகூடத் தூக்கலடி."

கையுறையைக் கழற்றினாள். என் இருபத்தெட்டுக் கிலோ எலும்பை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"கண்ணா," என்றாள். "கண்ணா."

என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் அசையாமல் இருந்தேன். விலாவிலிருந்த குளிர் மெல்ல உள்ளே இறங்கியது. தோலைத் தாண்டி, எலும்பைத் தாண்டி.

மறுநாள் வெள்ளை அணு இருநூறு. பலகையில் எழுதிய இருபத்திரண்டு மாலைவரை இருபத்திரண்டாகவே இருந்தது. பூண்டு வாசனையும் போயிருந்தது.

"ஒட்டிக்கிட்டான்யா!" என்று சிஸ்டர் கதவுக்கு வெளியே ஆடிக் காட்டினார்.

"இனி உன் உடம்புல ஓடறது தம்பியோட இரத்தம்," என்றார் டாக்டர். "போகப் போக உன் இரத்தப் பிரிவுகூட மாறிடும்."

வீட்டுக்குப் புறப்படும் நாள். அம்மா துணிப் பையோடு நின்றாள்.

"மகாராணி, கடைசியா ஒரு தடவை கையக் குடு. மிஷினை நம்பறதா, என் விரலை நம்பறதா?" சிஸ்டர் வலது மணிக்கட்டில் நாடி பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "எண்பத்திரண்டு. சமத்து."

விளையாட்டாக இடது கையையும் பிடித்தார். உதடுகள் எண்ணத் தொடங்கின. வேகமாக. இன்னும் வேகமாக. மறுபடி வலது. மறுபடி இடது.

"நூத்தி நாப்பது," என்றார், தனக்குத்தானே.

அறையில் பூண்டு வாசனை எழுந்தது.

அம்மா குனிந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இடது கையைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னும் குளிருதா கண்ணா?"

கையை நான் அசைக்கவில்லை. அதன் விரல்கள் தாமாகவே அவள் சுண்டுவிரலைச் சுற்றி இறுக மூடிக்கொண்டன.

சிஸ்டர் அந்த இடது கையை, தூங்கும் குழந்தையின் கையை வைப்பது போல மெத்தையில் வைத்தார். முதல் கதவைத் திறந்தார். பலகையை நிமிர்ந்து பார்த்தார்: மூன்று. இரண்டாவது கதவையும் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார்.