பாய்க்குள் நாலாவது ஆள்

முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தும் லாங்கியின் மூன்று நாய்களில் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. சமையல் கொட்டகைக்கு அடியில், ஒன்றன் வயிற்றில் ஒன்று மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்தன. சுவரில்லாத அந்த வீட்டின் ஓலைத் தட்டியை அவள் இழுத்து உயர்த்தியபோது, முந்தைய மழையின் ஈரமும், ஈரப்பலா இலைகள் அழுகும் புளித்த வாடையும், அதற்கும் அடியிலிருந்து பழைய தாழம்பாய்களுக்கே உரிய, தேங்காயெண்ணெய் மக்கிய வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. பொழுது இப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. மகனின் புதுக் கல்லறைக்கு அந்தப் பக்கம், சரளைக் கற்களின் மேல், சிவப்பு இறகு விளிம்பு வைத்த பெரிய பாய் ஒன்று கிடந்தது. உள்ளே குனிந்து உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுகளால் அது மேடு மேடாக எழும்பியிருந்தது.

இஃபோங்கா. மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

பாய்க்கு முன்னால் ஒரு கட்டு விறகு, அடுப்புக் குழிக்கான கறுத்த எரிமலைக் கற்கள், ஒரு கத்தை வாழையிலை. வேண்டுமானால் எங்களைச் சுட்டுத் தின்னுங்கள் என்று அர்த்தம். இறந்தவனின் வீட்டார் வந்து பாயைத் தூக்கிவிட்டால் மன்னித்தாயிற்று. பின்னால் வந்தவர்களின் வீட்டுப் பெண்கள் தலையைத் தொங்கப் போட்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

லாங்கி மேடுகளை எண்ணினாள். நாலு.

"மூணு பேர் வந்திருக்காங்க லாங்கி," என்றார் அண்ணன் செஃபோ, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, தொண்டையைத் தாழ்த்தி. "ஃபலனிகோ, அவர் தம்பி, அப்புறம் அந்தப் பையன். திங்கக்கிழமை கோர்ட்டு. அதுவரைக்கும் ஜாமீன்ல விட்டிருக்காங்களாம்."

"நாலு இருக்கு."

அண்ணன் எட்டிப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். "மூணுதான். நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"

பதினோரு நாளாயிற்று. பதினோரு நாளைக்கு முன்னால் அவளுடைய மகன் பெனியும் ஃபலனிகோவின் மகன் எனேலேயும் மலைத் தோட்டத்திலிருந்து கிழங்கு சுமந்துகொண்டு இறங்கினார்கள். வழியில் இளநீர் வெட்டிக் குடித்தார்கள். அந்தக் கத்தியாலேயே எனேலே பெனியை மூன்று முறை வெட்டினான். சண்டை இல்லை, பெண் விவகாரம் இல்லை, குடி இல்லை. பிறகு மூட்டையையும் பெனியையும் விட்டுவிட்டு நடந்து வந்து, கடைவாசலில் உட்கார்ந்து, "என் கை செஞ்சது, நான் செய்யல," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னான்.

அதை ஊரும் நம்பியது, அதுதான் லாங்கியின் வயிற்றை எரித்தது. மருந்து தேய்க்கிற கிழவி காட்டு ஆவி பிடித்ததென்றாள். பாதிரியார் சாத்தான் என்றார். தலைநகரத்திலிருந்து வந்த டாக்டர் மூளைக்குள் ஏதோ நரம்பு என்றார். மூன்று பேரும் ஒருவரையொருவர் மதிக்காதவர்கள், ஆனால் மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அவன் செய்யவில்லை. அப்படியென்றால் என் பிள்ளையைக் கொன்றது யாருமே இல்லையா? மரத்திலிருந்து தேங்காய் விழுந்து செத்த மாதிரியா அவன் செத்தான்?

"போய்ப் பாயைத் தூக்கு," என்றார் அண்ணன். "குடும்பத் தலைவன் நான்தான், இல்லைங்கல. ஆனா பெத்தவ நீ. உன் கை படாம நான் தொட மாட்டேன்."

"மாட்டேன்."

அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். அவளும் எதிர்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. ஈரம் ஆவியாகி முற்றம் முழுக்க வெந்நீர்ப் பானைக்குள் இருப்பது போலப் புழுங்கியது. பாயின் மேல் ஈக்கள் மொய்த்தன. அண்ணன் மகள் சலோமே கொக்கோ கொண்டுவந்து வைத்தாள், அது ஆடை கட்டி ஆறிப்போயிற்று. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததில் லாங்கிக்குப் பாயின் மூச்சு பிடிபட்டது. முதல் மேடு, ஃபலனிகோவாகத்தான் இருக்க வேண்டும், கிழட்டு நெஞ்சு, சிரமப்பட்டு ஏறி இறங்கியது. நடுவில் இருப்பது அவர் தம்பி. அடுத்தது வேகமாக, பயந்த பிராணி மாதிரி துடித்தது. எனேலே. இந்த வீட்டில் தின்று வளர்ந்த நாய்.

ஓரத்திலிருந்த நாலாவது மேடு மூச்சு விடவில்லை.

உள்ளே கூடை கீடை வைத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். பரிசுக்கு வேறு பாய்கள் சுருட்டி வைத்திருப்பார்கள். சர்ச் மணி அடித்தது, பஸ் ஒன்று இரைந்து போனது, அவள் ஒரு நொடி சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கூடை ஓரத்தில் இல்லை. எனேலேவுக்கும் அவன் சித்தப்பனுக்கும் நடுவில் இருந்தது.

அதன் உச்சி, தலை இருக்க வேண்டிய இடம், குனிந்திருக்கவில்லை. மற்ற மூன்றும் குனிந்திருந்தன. இது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, பாயின் நெசவுக்குள்ளிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாதிரியார் சொல்லி அனுப்பியிருக்கார்," என்றார் அண்ணன். "வெயில்ல கிழவர் செத்துடப் போறாருன்னு. பையன் தன் நினைவில் செய்யல, தெரிஞ்ச விஷயந்தானே லாங்கி."

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "யாருக்குத் தெரியும்? ஏண்ணே, முதல் வெட்டு கை தவறி விழுந்துச்சுன்னே வச்சுக்குவோம். ரெண்டாவது? கத்தியை மறுபடி தூக்கணும்ல? தூக்க நேரம் ஆகும்ல? அந்த நேரத்துல இவன் எங்க போயிருந்தான், கடைக்கா? மூணாவதுக்கு?"

"அதான் ஆவி..."

"ஆவி செஞ்சிருந்தா ஆவி வந்து உட்காரட்டும். இவங்க எதுக்கு வந்தாங்க? செய்யாத கிழவன் மன்னிப்புக் கேக்குறான், செஞ்ச தடியன் செய்யலங்குறான். எனக்கு யாரு பதில் சொல்றது? ஒரு வார்த்தை, 'நான்தான் செஞ்சேன்'னு அவன் வாயால வரட்டும். இப்பவே பாயைத் தூக்குறேன்."

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். அண்ணன் தடுக்கவில்லை. பாயைத் தூக்கத்தான் போகிறாள் என்று நினைத்திருப்பார். வெளியே பெண்களில் ஒருத்தி, "ஆண்டவரே, ஆண்டவரே," என்று முனகினாள்.

சரளை உள்ளங்காலைச் சுட்டது. கல்லறையைச் சுற்றிக்கொண்டு போனாள். கிட்டே போகப் போகப் பாயின் வாசம் கூடியது. எண்ணெய். வேர்வை. கிழவரின் மூத்திரம். அதோடு இன்னொன்று, மலைத் தோட்டத்தில் கற்களைப் புரட்டும்போது அடியிலிருந்து வருகிற குளிர்ந்த மண் வாடை. கொதிக்கிற வெயிலில் அந்த ஓர் இடத்திலிருந்து மட்டும் குளிர் வந்தது. கணுக்காலில் பட்டது.

"எனேலே."

பாய் நடுங்கியது. "அம்மா."

அப்படித்தான் கூப்பிடுவான், ஆறு வயதிலிருந்து. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீ செஞ்சியா?"

"என் கை போறதைப் பார்த்தேம்மா. நிறுத்துன்னு கத்துனேன். பெனியும் கத்துனான். ரெண்டு பேரும் கத்துனோம்."

"ரெண்டாவது வெட்டுக்கு முன்னாடி நீ எங்கடா இருந்த?"

"அங்கதாம்மா இருந்தேன்." அழுகையில் குரல் உடைந்தது. "முழுசா அங்கதான் இருந்தேன். எங்கேயும் போகல. போயிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

"வாயை மூடு," என்று உள்ளேயே சீறினார் ஃபலனிகோ. "மன்னிப்பு மட்டும் கேளு."

லாங்கி குனிந்தாள். நாலாவது மேடு அவளுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. தாழை இழைகளின் இடுக்கில் கண் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவள் தலையைச் சாய்த்தபோது அதுவும் சாய்த்தது. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது யாரு?"

உள்ளே மூச்சு நின்றது. பிறகு எனேலே, பதினோரு நாளில் முதல்முறையாகச் சிரிக்கிறவன் போல, அழுகையும் சிரிப்புமாக, "உங்களுக்குத் தெரியுதா?" என்றான். "அம்மா, உங்களுக்கும் தெரியுதா? அப்பா, கேட்டீங்களா? அவங்களுக்குத் தெரியுது! சொல்லுங்கம்மா, இவங்ககிட்ட சொல்லுங்க. அதுதாம்மா. மலையிலேர்ந்து அதுதான் கூட வந்துச்சு. ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. கும்புடுறேன், சொல்லுங்க!"

முற்றம் மொத்தமும் தலை தூக்கி அவளைப் பார்த்தது. செஃபோ தூணைப் பிடித்து எழுந்து நின்றார்.

அவள் பார்த்தாள். சந்தேகமில்லாமல் பார்த்தாள். நாலு.

தெரிகிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்தப் பையன் செய்யவில்லை என்றாகிவிடும். கோர்ட்டு கேட்காவிட்டாலும் ஊர் கேட்கும், பெற்றவளே சொல்லிவிட்டாள் என்று. பிறகு இந்த எரிச்சலை அவள் யார் மேல் கொட்டுவது? மகன் போனபின் அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, ஒரு மூச்சில்லாத மேட்டைக் காட்டி, இதன்மேல் கோபப்படு என்கிறார்கள். ஆவிக்கு வலிக்குமா? ஆவி திங்கட்கிழமை கூண்டில் ஏறுமா?

யோசித்தாள். அவசரப்படவில்லை. யாரும் அவள் நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை. தன் புத்தியோடு, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. மூணு பேர்தான் இருக்கீங்க."

எனேலே ஊளையிட்டான்.

பாய் தணிந்தது. நாலாவது மேடு இருந்த இடத்தில் தாழம்பாய் மெதுவாக, காற்று இறங்குகிற மாதிரி இறங்கி, தரையோடு படிந்தது. குளிர் அவள் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு வந்தது.

அவள் திரும்பி நடந்தாள். கால்கள் கனத்தன, முதுகில் கிழங்கு மூட்டை ஏற்றியது போல. ஆனால் மனம் இலேசாக இருந்தது. பொய்தான். அதனாலென்ன? அவளுடைய பொய். வீட்டுப் படியில் சலோமே கண்ணை விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அத்தை இப்படிச் சிரிக்கிறீங்க?"

"நான் எங்கடி சிரிச்சேன்?"

சலோமே பின்னால் நகர்ந்தாள். லாங்கி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணே, அவங்களைப் போகச் சொல்லுங்க," என்றாள். அதைத்தான் சொல்ல நினைத்தாள். போகட்டும். கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அண்ணன் அவளைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுப் படியில் இல்லை. பாய்க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்தது எப்போது? வலது கையில் கல். அவர்கள் கொண்டுவந்த அடுப்புக் கல். வெயிலில் காய்ந்து கிடந்தது, கைக்கு அடக்கமாக இருந்தது.

கீழே போடு என்றாள் கையிடம். விரல்கள் இறுகின.

"செஃபோ அண்ணே. என்னைப் பிடிங்க."

கை ஏறியது. தோளுக்கு மேல். தலைக்கு மேல்.

இதை அவள் முன்பே செய்து பார்த்திருந்தாள். பதினோரு நாளும், கண்ணை மூடியபோதெல்லாம், மனதுக்குள். இதே முற்றம். இதே தலை. அப்போது யாரும் அவளைத் தூண்டவில்லை.

"நிறுத்து!" என்று கத்தினாள். யாரைச் சொன்னாள் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

எனேலே பாயைத் தள்ளிக்கொண்டு முகத்தை வெளியே நீட்டினான். அவளைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கவில்லை.

"இப்பத் தெரியுதாம்மா?"

"தெரியுது," என்றாள்.

கை இறங்கியது.

தேங்காய் உடைகிற சத்தம்கூட இல்லை. அதைவிட மெல்லிய சத்தம். பெண்கள் அலறினார்கள். ஃபலனிகோ மகன் மேல் விழுந்து மூடினார். இறகு விளிம்பு நனைந்தது.

நான் செய்யல. அந்தச் சொல் அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சூடாக, தயாராக. அவள் கடித்து விழுங்கினாள். மாட்டேன். இந்தச் சொல்லை மட்டும் சொல்ல மாட்டேன். என் கை. என் கோபம். என் பொய். நான் ஒத்துக்கொண்டால் கை எனக்குத் திரும்பிவிடும்.

"நான்தான்!" என்று கத்தினாள். "நான்தான் செஞ்சேன்! எல்லாரும் கேளுங்க, நான்தான்!"

தேடிப் பார்த்தாள். உள்ளே கோபம் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. கழுவி வைத்த சட்டி மாதிரி இருந்தது. பையன் மேல் இரக்கம் மட்டும் பொங்கிக்கொண்டு வந்தது. தொட்டுத் தூக்க வேண்டும். மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கை ஏறியது.

செஃபோ ஓடிவந்து அதில் தொங்கினார். அலறல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் தொங்கினார். ஃபலனிகோவின் தம்பி பாய்ந்து மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தான். கிழங்கு சுமந்து உரமேறிய மூன்று ஆண்கள். மூவரின் பாதங்களும் சரளையை விட்டு எழும்பி, காற்றில் துழாவின. ஐம்பது வயதுப் பெண்ணின் மெலிந்த கை, கல்லோடும் மூன்று பேரோடும், அவசரமேயில்லாமல், தண்ணீர் வாளியைத் தூக்குவது போல மேலே போய்க்கொண்டிருந்தது. அதன் கீழே லாங்கி, "நான்தான், நான்தான்," என்று அழுதுகொண்டே நின்றாள்.

மேலே போய், நின்றது.

குறி பார்த்தது.