பூட்டாத குண்டுகள்

இரத்தோட்டையில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராது. அப்படியிருக்க, வீட்டுக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் தொட்டித் தண்ணீர் அன்று சாயங்காலம் உப்புக் கரித்தது. மழைத்தண்ணீர்தான். நிரஞ்சனி துப்பிவிட்டு மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தாள். காயப்போட்ட கராம்பின் வாசனை எங்கே போனதோ, முற்றம் முழுக்க டீசல் நாறியது, மழை இருட்டில் மிளகுக் கொடிகூட அசையாமல் நின்றது.

தொட்டிக்குள் 'டொம்' என்று ஒரு சத்தம்.

வீட்டுக்குள் சசிக்குமார் சடாரென்று இரண்டு காலையும் கதிரைமேல் தூக்கிக்கொண்டான். "உள்ள வா! இன்னொன்னு வெடிக்கும்."

அவளுடைய முதல் புருஷன் இந்திரகுமாரும் இவனும் வெளிநாட்டுக்காரனின் சின்னப் போர்க்கப்பல் ஒன்றில் வேலைக்குப் போனவர்கள். டோர்பிடோ அடித்துக் கப்பல் மூழ்கிப்போனது. இந்திரகுமார் தூக்கத்திலேயே செத்தான் என்று அழுதுகொண்டு வந்து சொன்னவன் இவன்தான். அந்த அழுகையை நம்பித்தான் இவனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

"இன்னொன்னா? ஒரே வெடின்னுதானே சொன்னீங்க?"

பயந்தவனுக்கு வாய் நிற்குமா? கொட்டிவிட்டான். நீர்மூழ்கியை உடைக்கிற குண்டுகள் பின்தளத்தில் இருந்தன. கப்பலோடு ஆழத்துக்குப் போனால் அவை தானாக வெடிக்கும். அதற்குமுன் வெடிக்காதபடி பூட்டிவிட வேண்டியது இவன் வேலை. பூட்டாமல் படகுக்கு ஓடினான்.

"இந்திரன் கேட்டான், பூட்டிட்டியாடான்னு. பூட்டிட்டேன், குதிடான்னேன். அப்புறம் கடலே அடியிலருந்து வெடிச்சிச்சு. தண்ணியில கெடந்த ஒருத்தனும் மிஞ்சல, நிரஞ்சனி."

அடப்பாவி! இந்த வாய்க்கா இத்தனை நாள் சோறு போட்டாள்?

தொட்டிக்குள் சுரண்டுகிற சத்தம். நகம்.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனாள். கறுத்த தண்ணீர். அடியில் இந்திரகுமாரின் முகம். கண் திறந்திருந்தது. ஓட வரவில்லை.

"அங்க என்ன?" சசிக்குமார் கதவடியில் நின்றான்.

"ஒன்னும் இல்லைங்க. வந்து பாருங்க."

அந்தச் சொல்லுக்கே காத்திருந்தவன் மாதிரி வந்தான். குனிந்தான்.

அடியிலிருந்து இரண்டாவது 'டொம்'.

தொட்டி வெடிக்கவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சசிக்குமார் மெல்ல நிமிர்ந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் தொண்டைக்குள்ளிருந்து ஊறிப்போன நாலு விரல்கள் ஏறி வந்து, கீழுதட்டைப் பிடித்துக்கொண்டன.