பேசாத மானிகள்

கித்தேரி கொண்டுவந்த கல் மட்டும் மூழ்கிவிட்டது.

தொட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மற்றவர்களின் கற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே மிதக்க, அவளுடையது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சலேத்மேரி டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கித்தேரி அவளுடைய தங்கை மகள். வீட்டில் சலேத்மேரி பெரியம்மா, வகுப்பில் டீச்சர்.

"எங்கட்டி எடுத்த இத?"

"எங்க வீட்டு வாசல்லதான் டீச்சர். கிழக்குத் திட்டு பூரா இந்தக் கல்லுதான்."

சுவரிலிருந்து காவலனின் குரல் வந்தது. ஊரின் விளக்கு, தண்ணீர், பாடம் எல்லாவற்றையும் கவனிக்கும் இயந்திரம் அது. குரலில் மட்டும் எப்போதும் தேன் ஒழுகும். "மூழ்குவது நுரைக்கல் அன்று. அதை நீக்கிவிட்டு வேறு கல்லைப் பயன்படுத்தவும்."

நுரைத்திட்டு என்ற அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் பாடமே, கல் ஏன் மிதக்கிறது என்பதுதான். கரையைக் கடல் விழுங்கிய பிறகு, கடலடி எரிமலையின் வாயைத் திறந்து மூட ஒரு துளைப்பானைக் கண்டுபிடித்தார்கள். திறந்தால் தீக்குழம்பு பொங்கும். தண்ணீர் பட்டதும் நுரையோடு நுரையாக இறுகிக் கல்லாகி மேலே வரும். அதை வலையில் அடைத்துக் கட்டுகளாக்கி, கட்டோடு கட்டைப் பிணைத்துத் திட்டுதிட்டாக மிதக்கும் ஊரே கட்டிவிட்டார்கள்.

"சோடாவக் குலுக்கித் திறந்தா பொங்குதுல்லா? அந்த நுரை அப்படியே கல்லாப் போனா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் டீச்சர்.

"ஆப்பம் மாதிரி ஓட்ட ஓட்டையா இருக்கும்!"

"ஆமா. ஓட்டைக்குள்ள காத்து. அதான் மிதக்குது."

பாடம் அதோடு முடிந்தது. கித்தேரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்தத்தான் டீச்சர் அந்தக் கல்லை எடுத்துச் சுத்தியலால் உடைத்தாள். உள்ளேயும் ஆப்பம் போலத்தான் இருந்தது. நுரைக்கல்லேதான். ஆனால் நடு மையம்வரை ஈரம். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையில் மயிரிழை வழிகள் இருந்திருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே போய்க் காற்றை வெளியேற்றியிருக்கிறது. கிழக்குத் திட்டு பூரா இந்தக் கல்தான் என்று பிள்ளை சொன்னது டீச்சருக்கு நினைவு வந்தது.

பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, உடைந்த கல்லோடு கித்தேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரின் மிதப்பைக் கண்காணிக்கும் மிதப்பு மனைக்குப் போனாள். அங்கே பொறியாளர் சந்தியாகு, பச்சை விளக்குகள் நிறைந்த சுவரைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கல்லு உடஞ்சத எங்கிட்ட ஏன் கொண்டாறீங்க டீச்சர்? ஒவ்வொரு கட்டுலயும் மிதப்புமானி வச்சிருக்கோம். எல்லாம் பச்சை. ஊர் மிதப்பு முழுமை."

"கட்டு மூழ்கிட்டா அந்த மானி என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாது. தண்ணிக்குள்ள இருந்து ரேடியோ அலை வராதுல்லா."

"அப்போ அது கணக்குல எப்படி வரும்?"

சந்தியாகு டீயைக் கீழே வைத்தார். முதல் வருடங்களில் உப்பு அரித்து மானிகள் ஊமையாகும். உடனே அபாயச் சங்கு ஊதும். ஊரே பிள்ளைகுட்டிகளோடு படகுக்கு ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பிவரும். சலித்துப்போய், பேசாத மானியைப் பழுது என்று கணக்கிலிருந்து நீக்கும்படி காவலனுக்குக் கட்டளை போட ஊர் கூடிக் கை தூக்கியது. சலேத்மேரியும்தான் தூக்கினாள். அதற்குப்பின் சங்கு ஊதவேயில்லை. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

"கிழக்குத் திட்டுல எத்தன மானி பேசுது?"

அவர் விசைகளைத் தட்டினார். கிழக்கில் நாலைந்து பச்சைப் புள்ளிகள்தான் இருந்தன. மற்ற இடமெல்லாம் இருட்டு. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சங்க ஊதுங்க சார்!"

"காவலன் விட மாட்டாம்மா. அவன் கணக்குல ஆபத்தே இல்லயே."

டீச்சர் மணிக்கட்டிலிருந்த உயிர்வளையில் தங்கையைக் கூப்பிட்டாள். ஊரில் மூச்சுவிடும் ஒவ்வொருவர் கையிலும் அது உண்டு. நாடி துடிக்கிறதா என்பதையும் அதுதான் காவலனுக்குச் சொல்லும்; அதுவும் ஒரு மானிதான்.

"ஜெசிந்தா, போட்டது போட்டபடி கிளம்பி வா. உங்க பக்கம் தரை தாங்காது."

"உனக்குப் பைத்தியமாக்கா? முச்சந்திப் பலகையில மிதப்பு முழுமைன்னு காவலன் போட்டிருக்கான். அடுப்புல மீன் கொதிக்கி. கித்தேரிய நேரத்தோட அனுப்பு."

"மீனு கெடக்கட்டும்! நான் வாரேன், வாசலுக்கு வந்து நில்லு."

கித்தேரியை இழுத்துக்கொண்டு கிழக்குத் திட்டுக்குப் போகும் பாலத்துக்கு ஓடினாள். பாலத்தின் இந்த முனை இருந்தது. அந்த முனை தண்ணீருக்குள் சரிந்து கிடந்தது. சத்தம் என்று ஒன்றுமே இல்லை. கிழக்குத் திட்டு இருந்த இடத்தில் பால் பொங்கியது போல வெள்ளை நுரை. அதில் இரண்டு கூரைகள், ஒரு நீலத் தொட்டி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவையும் போயின. டீச்சர் வாய்விட்டு அலறினாள்.

சத்தம் கேட்டுத் தெருவில் ஆட்கள் ஓடிவந்தார்கள். கித்தேரி அழவில்லை. வளையை வாயருகே வைத்து, "எங்க அம்மாவக் கூப்பிடு" என்றாள்.

"அப்படி ஒருவர் ஊரில் இல்லை. பெயரைச் சரிபார்க்கவும்" என்றான் காவலன்.

"ஜெசிந்தா. கிழக்குத் திட்டு."

"அப்படி ஓர் இடமும் இல்லை. பெயரைச் சரிபார்க்கவும்."

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. "பெரியம்மா, எங்க அம்மா பேரு ஜெசிந்தாதான?"

"ஆமாட்டி. ஜெசிந்தாதான். ஜெசிந்தாதான்!" அவள் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

ஓடிவந்தவர்கள் பாலம் கண்ணில் படாத முச்சந்தியிலேயே நின்று பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். 'ஊர் மிதப்பு முழுமை. ஊரார் அனைவரும் நலம்' என்று அது பச்சையில் ஒளிர்ந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூச்சு வாங்கியபடியே, ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள்.