மெமரி கார்டு கேட்ட கேள்வி

"ஐயோ... அண்ணா!"

அலறல் அச்சகத்தையே உலுக்கியது.

மாடிப்படியின் அடியில் தலை பிளந்து கிடந்தார் முதலாளி. உயிர் இல்லை!

அலறியவன் அவருடைய தம்பி. சட்டையெங்கும் அண்ணனின் இரத்தம். இன்ஸ்பெக்டர் வந்தார், அவன் கையில் விலங்கு ஏறியது.

"தூக்கிப் பாத்தேன் சார்... அதான் ரத்தம்! நான் தள்ளல!"

"அதை யாரு சொல்றது?"

"மாடிப்படி கேமரா சொல்லும் சார்!"

சொல்லவில்லை. கேமராவுக்குக் கீழே விழுந்து கிடந்த அதன் மெமரி கார்டு திறக்கவே மறுத்தது. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி வரவழைக்கப்பட்டாள்.

அன்று மாலை, அச்சக அலுவலகத்தில் அவளுடைய லேப்டாப்பைச் சுற்றி எல்லோரும் நின்றனர். கறுப்புத் திரையில், பழுதைச் சோதித்துச் சரிசெய்யும் 'செக்டிஸ்க்' கட்டளையைத் தட்டினாள். வெள்ளை எழுத்துகள் ஓடின.

"பதிவு ஓடும்போதே யாரோ கார்டைப் பிடுங்கியிருக்காங்க சார். வீடியோ துண்டு துண்டாக் கிடக்கு."

"தேறுமா, தேறாதா?" என்றார் முதலாளியின் மைத்துனர். அச்சகத்தில் பாதிப் பங்கு அவருடையது. "மச்சானைப் பறிகொடுத்துட்டு நிக்கறோம். சீக்கிரம் சொல்லும்மா!"

திரை ஒரு கேள்வியோடு நின்றது.

"என்ன கேக்குது?"

"துண்டுகளைச் சேத்து வைக்கவான்னு கேக்குது. ஆமாம்னு 'ஒய்' போட்டா சேத்துடும். இல்லைன்னு 'என்' போட்டா மொத்தமாத் துடைச்சுடும்."

விலங்கோடு தம்பி முன்னால் நகர்ந்தான். "அக்கா... பாத்து அமுக்குங்க. என் உயிரே அதுலதான்..."

அவள் விரலை நீட்டினாள்.

அதற்குள் மைத்துனரின் கை பாய்ந்தது!

டக்... டக்!

திரையில் துண்டுகள் மறைந்தன. தம்பி அப்படியே தரையில் சரிந்தான்.

"அடடா... கை பட்டுடுச்சு!"

"ஒரு பட்டன்னா நம்பலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "'என்'னும் பட்டு, அடுத்து என்டரும் பட்டுச்சா?"

"பட்டதைச் சொன்னேன். இனி அழுது என்ன செய்ய? போனது போச்சு!"

"எதுவும் போகலியே," என்றாள் அவள் அமைதியாக. "அசல்ல யாராவது ரிப்பேர் பண்ணுவாங்களா? நீங்க துடைச்சது நகல் சார். அசல் இன்ஸ்பெக்டர் பையில இருக்கு."

மைத்துனரின் முகம் வெளுத்தது.

இன்னொரு நகல் வந்தது. இம்முறை 'ஒய்'. சேர்ந்த துண்டுகளை வீடியோ கோப்பாகப் பெயர் மாற்றி ஓடவிட்டாள்.

படியின் உச்சியில் முதலாளி. அவருக்குப் பின்னால் இரண்டு கைகள்... பிறகு, கேமராவை நோக்கி நெருங்கும் மைத்துனரின் முகம்!

விலங்கு கை மாறியது.

"கோர்ட்டுல நூறு தடவை 'இல்லை'ன்னு சொல்லணுமே சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "அவசரப்பட்டு முதல் 'இல்லை'யைக் கம்ப்யூட்டர்கிட்டயே சொல்லிட்டீங்களே!"