தேதி இல்லாத பாட்டு

செவிவலை வந்த பிறகு தூத்துக்குடியில் யாரும் வெளியில் யோசிக்காமல் முணுமுணுப்பதில்லை. தெருவிளக்கு, பேருந்து, கடைவாசல் எங்கும் செவிகள். ஒரு மெட்டை வலையில் முதலில் பதிந்தவருக்கே அது சொந்தம். பதியாத மெட்டு, அதைக் கேட்ட செவி எந்த நிறுவனத்துடையதோ அதற்கு.

பதிந்தால் அன்றே ஊர் முழுக்க ஒலிக்கும். மகள் ரெமீலாவின் கல்யாணத்துக்குத் தான் கட்டும் பாட்டை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்க வேண்டும் என்று ஜெசிந்தா நினைத்தாள். அதனால் வலையோடு தொடர்பே இல்லாத ஒரு பழைய எட்டுத்தடப் பதிவுப்பெட்டியைத் தேடி வாங்கினாள். ஒரு தடத்தில் கிட்டார், அதைக் கேட்டபடியே அடுத்ததில் குரல், அதன்மேல் துணைக்குரல் என எட்டையும் நிரப்பினாள். சன்னலைச் சாத்திக்கொண்டு பாட்டைக் கட்டி முடித்து, ஹெட்போனைக் கணவன் ராயப்பனின் காதில் மாட்டினாள். அவர் கண் கலங்கிவிட்டார்.

மறுநாள் பேருந்தில் அவரையறியாமல் அதை முணுமுணுத்தார்.

அந்த வாரமே அது தலைமுடி எண்ணெய் விளம்பரமாக வந்தது. "நெஞ்சுல நின்னுருச்சு ஜெசி, வாய் தானா பாடிருச்சு" என்றார் ராயப்பன். அவரைத் திட்டக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உரிமை மன்றத்துக்குப் போனாள். அதிகாரி எட்டுத் தடங்களையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா எப்ப பதிஞ்சீங்கன்னு இதுல இல்லையே."

"வலையில இல்லாத பெட்டி சார். அதுக்குத்தான வாங்குனேன்."

"வலையில இல்லன்னா, எங்க கணக்குல அது நடக்கவே இல்லம்மா."

விளம்பரத்தைக் கேட்டு அவள் எடுத்த நகல் என்று தீர்ப்பானது. அதிகாரி முன்னாலேயே ஒவ்வொரு தடமாக அழிக்கச் சொன்னார்கள். அழிக்கவா என்று பெட்டி ஒவ்வொரு முறையும் கேட்டது. ஒவ்வொரு முறையும் அவளே பொத்தானை அழுத்தினாள். நகலெடுத்த குடும்பம் அந்த மெட்டைப் பாடக் கூடாது என்ற தடையும் சேர்ந்து வந்தது. மற்றவர்களுக்கு விளம்பரக் காலம் முழுக்க அனுமதி இலவசம்.

கல்யாண விருந்தில் யாரோ அதைத் தொடங்க, பந்தியே சேர்ந்து பாடியது. ரெமீலாவும் பாட வாயெடுத்தாள்; ராயப்பன் அவசரமாக அவள் கையைப் பிடித்தார்.

மாப்பிள்ளையின் அத்தை ஜெசிந்தா பக்கம் சாய்ந்தாள்.

"பாடுங்க மைனி. இந்தப் பாட்டு தெரியாதவங்க உண்டா?"

"எனக்கு வராது" என்றாள் ஜெசிந்தா.