கறுப்புக் கட்டங்கள்

மழைதான் அவளை அந்தக் கடைக்குள் தள்ளியது. பட்டுத்தறிக்கு டிசைன்படி ஓட்டை போட்ட அட்டை அடித்துக் கொடுக்கும் ஜெயவேலின் டிசைன் கடை. நனைந்த இமைகளோடு நின்ற அபிதகுசாம்பாளைப் பார்த்தவன்... கண்ணை எடுக்க மறந்தான்.

கம்ப்யூட்டரைக் கண்டதும் அவள் பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து நீட்டினாள். போன மாதம் வேலூர் ரோட்டில் லாரி மோதி இறந்த அண்ணன் முத்துவேல், என்றாவது அவள் கட்டப்போகும் முகூர்த்தப் புடவைக்காகக் காலேஜ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதிய பார்டர். வேறு பிரதி கிடையாது.

திறந்தால் எல்லாம் ஒரே நீள வரி! எக்ஸும் புள்ளியுமாக, நடுநடுவே கறுப்புக் கட்டங்கள். கிராஃப் தாளில் கறுப்புக் கட்டம் என்றால் அட்டையில் ஓட்டை. இவை தப்பாக விழுந்த ஓட்டைகள் என்று நினைத்து, அவளுக்கு உதவும் அவசரத்தில் ஒவ்வொன்றாக அழித்து சேவ் செய்தான். அடித்துப் பார்த்த அட்டையில் பார்டரே இல்லை.

"உங்க அண்ணன்தான் தப்பா போட்டுகிறாரு."

"செத்தவர் மேல பழி போடாதீங்க."

ஃபிளாப்பியைக்கூட எடுக்காமல் மழையிலேயே போய்விட்டாள். அந்தக் கலங்கிய கண்கள்... பாவி, என்ன வார்த்தை சொன்னோம்!

மனசு கேட்காமல் காலேஜுக்கே போய் விசாரித்தான். அங்கே கம்ப்யூட்டரில் இருந்தது இவன் கடையைப் போல விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அது ஒவ்வொரு வரியின் முடிவிலும் வைத்த குறிதான் இவன் கடையில் கறுப்புக் கட்டமாகத் தெரிந்திருக்கிறது. அத்தனையையும் அழித்தது இவன் கை.

வேறு எடிட்டர் போட்டு, வரி முடிவை யூனிக்ஸ் என்று மாற்றி வைத்தான். ஆனால் அழித்தது திரும்புமா? பார்டருக்குத் தறியில் இருநூற்று நாற்பது ஊசி, ஊசிக்கு ஒரு எழுத்து. இருநூற்று நாற்பது எழுத்து எண்ணி ஒரு எண்டர். கண் தவறினால் மறுபடி எண்ணினான்.

வீம்பு அடங்கிப் பதினோராம் நாள் அவள் வந்தபோது திரையை அவள் பக்கம் திருப்பினான். வரிசையாகக் கிளிகள். கடைசிக் கிளிக்குத் தலை இல்லை.

"அவர் தப்பு பண்ணலீங்க. அழிச்சது நான். பழிய அவர் மேல போட்டுட்டேன்."

அவள் கடைசி வரியைத் தொட்டாள். முப்பத்தேழு எழுத்தோடு நின்றிருந்தது. ஏன் முடிக்கவில்லை என்று கேட்டாள்.

"அவர் விட்ட எடம்... எனக்கு உரிமை ஏது? ஒவ்வொரு வரி முடிச்சதும் வாசலைத்தான் பாத்துகினு இருந்தேன், நீங்க வருவீங்கன்னு."

அவள் ஸ்டூலை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கோவத்துலயும் உங்களத்தான் நெனச்சிகினு இருந்தேன். நீங்களே முடிங்க. நான் எண்ணுறேன்."

முப்பத்தெட்டு என்று தொடங்கியவளுக்குக் குரல் உடைந்தது. அவள் அழுது முடிக்கும்வரை அவன் விசையைத் தொடவில்லை.